டேப் யார் கையில்?

பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்ட எவ்வளவு ஆகும்? 1867இல் மேஜர் ரைவ்ஸ் சொன்ன பதில், சுமார் பதினேழரை லட்சம் ரூபாய். 162 அடி உயரத்துக்கு மண் அணை போடுவது அவருடைய திட்டம். சில ஆண்டுகள் கழித்து ஸ்மித் என்ற பொறியாளர் அதே வேலைக்கு மறுபடி கணக்குப் போட்டார். தொகை 54 லட்சத்துக்கு ஏறியது. 1882இல் மேஜர் பென்னிகுயிக் மண்ணை விட்டுவிட்டுக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மாறினார். மதிப்பீடு 62 லட்சம் ஆனது. பதினைந்தே ஆண்டுகளில் ஒரு வேலையின் விலை மூன்றரை மடங்கு.

அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, சுருளியாற்றில் இறங்கி, வைகையோடு வந்து, நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் ஏறுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் தெற்கு ஓரத்து நெல்வயல்களுக்கு அதுதான் உயிர். 1985 செப்டம்பர் 15 வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே இந்த எஸ்டிமேட்டின் கதை இந்தச் சமவெளியின் சொந்தக் கதை.

தொகை ஏறியதற்கு விலைவாசி மட்டும் காரணமில்லை. கட்டுமான மதிப்பீடு எதுவானாலும் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். எத்தனை கன அடி வேலை? ஒரு அலகுக்கு என்ன விலை? பொருள் எங்கிருந்து, எவ்வளவு தூரம் வரவேண்டும்? மூன்றாவதைப் பொதுப்பணித் துறையினர் இன்றும் ‘லீடு’ என்பார்கள். பெரியாற்றில் அந்த லீடுதான் பெரிய செலவு. கம்பம் பள்ளத்தாக்கில் குருவனூத்துப் பக்கம் சுட்ட சுண்ணாம்பைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றி, அங்கிருந்து படகில் அணைக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றை மறிக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலுக்கு ஆட்கள் விழுந்தார்கள். நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1887இல் தொடங்கிய வேலை 1895 அக்டோபரில் திறப்பு விழா கண்டது. பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையைத் தேனி, மதுரை, திண்டுக்கல் மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். அந்தக் கதையின் நிழலில் மறைந்துபோன ஒன்று உண்டு. எந்தக் காட்டில் என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்பதைத் தாளில் எழுதி, அரசை ஒப்ப வைத்து, அளந்து அளந்து பணம் கொடுத்த அந்த நிர்வாக உழைப்பு அணைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

கட்டுபவர் வேறு, கட்டியதை அளப்பவர் வேறு என்ற ஏற்பாடு கட்டடத் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு. திண்டுக்கல் வட்டாரத்தில் அரசு வேலைகளுக்கு அது ஒன்றரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும் குடும்பத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பழைய காலத்தில் இந்தப் பிரிவே கிடையாது. ஊருக்கு அடையாளமாக நிற்கும் மலைக்கோட்டையை 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது முழுமை பெற்றது. எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நிற்கும் ஆளுயரச் சிற்பங்களும் நாயக்கர் காலக் கைவேலை. இப்படிப்பட்ட வேலைகளில் திட்டம் போட்டவரும், கோல் பிடித்து அளந்தவரும், ஆட்களை மேய்த்தவரும் ஒரே ஸ்தபதி அல்லது ஒரே தச்சர் குழு. கூலி நெல்லாகவும் காசாகவும் மானிய நிலமாகவும் போனது. அளவில் ஏமாற்று நடக்கக்கூடாது என்ற கவலை அன்றும் இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரில், இத்தனை சாண் கோல் என்று அளவுகோலைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலம் அளக்கும் கோலில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் போய் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற அந்த எண்ணம் உயர்ந்தது.

1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். அவர் காலத்திலும் திப்பு காலத்திலும் கோட்டை பலப்பட்டது. 1790இல் ஆங்கிலேயப் படை அதைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்கு முறைப்படி மாறியது. மதுரை நாட்டில் கம்பெனி ஆட்சி முதலில் கால் ஊன்றிய இடம் இதுதான். வந்தவர்கள் முதல் வேலையாக அளந்தார்கள். ஆனால் அளந்தது கட்டடத்தை அல்ல, வரி போட வேண்டிய நிலத்தை. ஹர்டிஸ் என்ற கலெக்டர் 1790களின் கடைசியில் தொடங்கி இந்தச் சீமையை அளந்து தீர்வை நிர்ணயித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1794இல், சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளி தொடங்கியிருந்தார். எட்டு மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்ற தேவையிலிருந்து தமிழ்நாட்டின் பொறியியல் கல்வி பிறந்தது என்பதைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கம்பெனி காலத்தில் கண்மாய், மடை, கலுங்கு ஆகியவற்றின் மராமத்து கலெக்டர் பொறுப்பில் இருந்தது. தாசில்தாரும் மேஸ்திரியும் கரையைப் பார்த்து, இவ்வளவு ஆகும் என்று எழுதி அனுப்புவார்கள். அந்தத் தொகையைச் சரிபார்க்கவென்றே ‘சிவில் எஸ்டிமேட்’ பெயரில் ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி சென்னையில் இருந்தது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்தவர் ஒரு கண்மாய்க் கரையை எப்படிச் சரிபார்க்க முடியும்? 1852இல் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை விசாரிக்க அமைந்த ஆணையம் இந்த ஏற்பாடுகளைக் கடுமையாகக் குறை சொன்னது. டல்ஹவுசி காலத்தில் பொதுப்பணித் துறை என்ற தனி அமைப்பு உருவாகி, 1858 வாக்கில் சென்னை மாகாணத்திலும் கால் ஊன்றியது. எஸ்டிமேட், வேலை, அளவு, பில் நான்கும் ஒரே துறையின் கீழ் வந்தன.

இதே காலத்தில் ரயில்வே ஒரு பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது. இந்தியாவில் தொடக்க கால ரயில் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் அரசே உத்தரவாதம் கொடுத்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீதம் உறுதி என்றால் எந்தக் கம்பெனி சிக்கனமாகக் கட்டும்? மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று முதலில் நினைத்த பாதைகளுக்குச் சுமார் 18,000 பவுண்டு வரை செலவானது. கஜானா தாங்காமல்தான் 1870இல் மேயோ பிரபு மீட்டர் பாதைக்கு மாறினார். 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போன தென்னிந்திய ரயில்வே பாதை ஒரு மீட்டர் அகலத்தில் அமைந்தது அந்தச் சிக்கனத்தால்தான். அகலப்பாதையைப் பார்க்க ஊர் இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருந்தது. ஒரு தலைமுறை அளவில்லாமல் செய்த செலவுக்கு, அடுத்தடுத்த தலைமுறைகள் குறுகிய தண்டவாளத்தில் பயணம் செய்து ஈடு கட்டின.

திண்டுக்கல் நகராட்சி 1866 நவம்பர் 1 அன்று பிறந்தது. நகராட்சி, ஜில்லா போர்டு, பஞ்சாயத்து என்று வந்த ஒவ்வோர் அமைப்போடும் ஓவர்சியர் என்ற மனிதர் ஊருக்குள் வந்தார். அவர் கையில் டேப்பும், எம் புக் என்று எல்லோரும் அழைக்கும் அளவுப் புத்தகமும் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இந்த நாட்டுக் கட்டடக் கணக்கின் முதுகெலும்பு அதுதான்.

எம் புக்கில் பக்க எண் அச்சிட்டே வரும். ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். அளவை வேலையிடத்தில் நின்று, அளந்த கையோடு எழுத வேண்டும். நீளம், அகலம், உயரம் தனித்தனிக் கட்டங்களில். எழுதியதை அழிக்கக்கூடாது, தவறிருந்தால் ஒரு கோடு கிழித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இளநிலைப் பொறியாளர் எழுதிய அளவை மேலதிகாரி வந்து மறு அளவு எடுப்பார். அதன் பிறகே பில். பில்லைப் பார்க்கும் கோட்டக் கணக்கர் அந்தத் துறையின் ஆள் கிடையாது. மாநிலக் கணக்காயரின் கட்டுப்பாட்டில் இருப்பவர். காண்ட்ராக்டருக்குப் பணம் போவதற்குள் குறைந்தது மூன்று கைகள் அந்த அளவைத் தொட்டுவிடும்.

புதைந்துபோகும் வேலைக்கு இன்னும் கண்டிப்பு. வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டு மண்ணை மூடிவிட்டால் பிறகு ஆழத்தை யார் பார்ப்பது? மூடும் முன்பே அளவெடுத்து எழுத வேண்டும். மண் வெட்டும் வேலையில், குழியின் நடுவே சிறுசிறு மண்திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்தத் திட்டின் உயரமே வெட்டிய ஆழத்துக்குச் சாட்சி. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்காகக் குவிந்த ஏழைகளின் மண்வேலையும் இப்படி அளவுக்கு உட்பட்டதுதான். பசித்தவனின் உழைப்பை அளந்து கஞ்சி ஊற்றிய அந்த நாட்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அளவு நியாயத்துக்கும் பயன்பட்டிருக்கிறது, கொடுமைக்கும் பயன்பட்டிருக்கிறது.

எம் புக்கில் பொய் ஏறாது என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். வேலையிடத்துக்கே போகாமல் அறையில் உட்கார்ந்து எழுதிய அளவுகளும் உண்டு. ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே ஒரு கையெழுத்தும் தேதியும் இருக்கும். பத்து வருடம் கழித்துப் பாலம் விரிசல் விட்டாலும் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் டெண்டரை எப்படி விட வேண்டும் என்பதையும் வரையறுத்துவிட்டது. குறைகள் எத்தனை இருந்தாலும் அரசு வேலைக்கு ஒரு தடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் இதே தேவை வேறு வழியில் தீர்ந்தது. அங்கே அளப்பது தனித் தொழிலாயிற்று. ஒரு கட்டடத்துக்கு விலை கேட்டால், போட்டி போடும் காண்ட்ராக்டர்கள் ஒவ்வொருவரும் வரைபடத்தைப் பார்த்துத் தனித்தனியாக அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீண் செலவு என்று தோன்றவே, எல்லோரும் சேர்ந்து ஒரு அளவையாளரை அமர்த்திக் கூலியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கட்டட உரிமையாளர்களுக்கு விரைவிலேயே விழிப்பு வந்தது. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கும் அளவையாளர் யார் பக்கம் சாய்வார்? அவரை நாமே அமர்த்திவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். குவான்டிட்டி சர்வேயர் என்ற தொழில் அப்படித்தான் நிலைபெற்றது. 1834இல் எரிந்துபோன லண்டன் நாடாளுமன்றத்தை மறுபடி கட்ட ஹென்றி ஹண்ட் என்ற அளவையாளர் போட்ட மதிப்பீடு 7 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். முடிவில் ஆனது 20 லட்சத்துக்கும் மேல். திட்டம் மாறிக்கொண்டே போனால் எந்த அளவையாளராலும் தொகையைக் கட்டிப்போட முடியாது என்பதற்கு அது சான்று. ஆனால் எவ்வளவு மீறியது என்று சொல்ல ஒரு முதல் கணக்காவது கையில் இருந்தது. 1868இல் லண்டனில் சர்வேயர்களுக்கான சங்கம் அமைந்தது. 1922இல் எல்லோரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று ஒரு பொது அளவு முறையும் வெளியானது.

அந்தத் தொழில் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்குள் பெரிதாக வரவில்லை. அளக்கும் வேலையைப் பொதுப்பணித் துறைப் பொறியாளரே செய்ததால் தனி ஆளுக்கு இடமில்லாமல் போனது. விடுதலைக்குப் பிறகு 1958இல் கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை வந்தது. பொறியியல் கல்லூரிகளில் ‘எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங்’ என்று ஒரு தாள் உண்டு; பி.என். தத்தாவின் பாடநூலைப் புரட்டாமல் சிவில் முடித்தவர்கள் குறைவு. 1984இல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ. கல்லூரி முதல் திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் படித்து வெளிவரும் சிவில் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரிந்தவர்கள் இருந்தும் வீடு கட்டுபவர் அவர்களைத் தேடிப் போவதில்லை.

வீடு கட்டும் வழக்கம் இந்தச் சமவெளியில் எப்படி மாறியது என்று பார்த்தால் காரணம் விளங்கும். செங்கல்லும் மண்சாந்தும், மேலே நாட்டு ஓடும் என்றிருந்த காலத்தில் வேலை தினக்கூலிக்கு நடந்தது. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று ஆள் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். செங்கல், சுண்ணாம்பு, மரம் எல்லாம் வீட்டுக்காரர் தானே பார்த்துப் பார்த்து வாங்கினார். வேலை இழுக்கலாம், ஆனால் பொருள் எவ்வளவு போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. வீட்டுக்காரரே அளவையாளர்.

சிமெண்டும் கம்பியும் வந்து, சென்ட்ரிங் அடித்துத் தளம் போடும் முறை பரவியபோது ஆள்கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் லேபர் காண்ட்ராக்ட் வந்தது. அடுத்து, பொருளும் சேர்த்து முழு காண்ட்ராக்ட். திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளை, வேடசந்தூர் பக்கமோ நத்தம் சாலையிலோ வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட வேண்டும். தினமும் நின்று பார்க்க ஆள் இல்லை. முழு காண்ட்ராக்ட் அவருக்குப் பெரிய நிம்மதி. கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: சதுர அடிக்கு எவ்வளவு?

அந்தக் கேள்விக்குள் வீட்டின் பாதிகூட அடங்காது. சன்ஷேடு அந்தச் சதுர அடியில் சேருமா? படிக்கட்டும் அதன் தலைமேல் வரும் ஹெட்ரூமும்? போர்டிகோவுக்குப் பாதி விலையா, முழு விலையா? தண்ணீர்த் தொட்டி லிட்டருக்கு இவ்வளவு என்று தனி. காம்பவுண்டுச் சுவர் ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று தனி. செவலை மண்ணில் நாலடியில் கெட்டி கிடைக்கும் மனையும், கரிசல் பட்டையில் இன்னும் ஆழம் போக வேண்டிய மனையும் சதுர அடிக் கணக்கில் ஒன்றே. அஸ்திவாரச் செலவில் அவை ஒன்றல்ல. பேச்சில் விட்டுப்போனது ஒவ்வொன்றும் வேலை நடக்க நடக்க ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயரில் திரும்பி வரும். பாதி வீட்டில் நிற்கும் குடும்பத்துக்கு அப்போது பேரம் பேசும் பலம் இருக்காது.

தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் சுமார் 417 கன அடி கான்கிரீட். 6 அங்குலத்தில் 500 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். அப்படியானால் அந்த ஓர் அங்குலம் 19 மூட்டைச் சிமெண்ட், அதற்கேற்ற ஜல்லி, எம்-சாண்ட். சதுர அடி விலை பேசிய தாளில் தளத்தின் கனம் எழுதியிருக்காது. எத்தனை அங்குலம் என்று வீட்டுக்காரருக்குத் தெரிவது பெரும்பாலும் கான்கிரீட் போட்ட பிறகுதான்.

பூச்சு வேலையில் நடக்கும் தகராறு இன்னும் பழையது. ஜன்னல், வாசல் இடத்தைக் கழிக்க வேண்டுமா, கூடாதா? கழிக்கக்கூடாது என்பார் மேஸ்திரி; ஓரம் பூசுவது அதைவிடக் கஷ்டம் என்பது அவர் வாதம். பூசாத இடத்துக்கு ஏன் காசு என்பார் வீட்டுக்காரர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஐ.எஸ். 1200 இதற்கு விடை சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவே கிடையாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை உள்ளதற்குச் சுவரின் ஒரு முகத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுமுகத்தில் கழிக்காமல் விடுவது ஓரப் பூச்சுக்கு ஈடு. அதற்கும் பெரியதானால் இரண்டு முகத்திலும் கழித்துவிட்டு, ஓரங்களைத் தனியே அளந்து கூட்ட வேண்டும். நாலுக்கு நாலடி ஜன்னலும், மூன்றரைக்கு ஏழடி வாசலும் நடு வகையில் வரும். மேஸ்திரியும் வீட்டுக்காரரும் சண்டையில்லாமல் பிரிய இந்த ஒரு விதியை இருவரும் தெரிந்துகொண்டாலே போதும். அதைச் சொல்ல நடுவில் ஒருவர் இல்லாததுதான் குறை.

வங்கிக் கடனுக்கு எஸ்டிமேட் கேட்கிறார்களே என்று தோன்றலாம். கேட்கிறார்கள், பொறியாளர் கையெழுத்தோடு கொடுக்கிறார்கள். கடன் தொகைக்குப் பொருந்தும்படி எழுதிய அந்தத் தாளை வீடு கட்டும்போது யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அடுக்குமாடி வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காவல் இருக்கிறது. வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று கொடுத்த பிறகே, முடிந்த வேலையின் அளவுக்கு எடுக்க முடியும். தன் மனையில் தனக்கென்று வீடு கட்டுபவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். தகராறு முற்றினால் நுகர்வோர் ஆணையம் உண்டு. வழக்கறிஞர் ஆணையர் ஒரு பொறியாளரோடு வந்து கட்டடத்தை அளந்து அறிக்கை கொடுப்பார். யார் பக்கமும் சாயாத ஓர் ஆள் அந்த வீட்டை முதல் முறையாக அளப்பது, எல்லாம் முடிந்து உறவும் முறிந்த பிறகு.

அரசின் தொகுப்பு வீடுகளில் நிலைமை வேறு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக வேலையைப் பார்த்த பிறகே பயனாளியின் கணக்கில் பணம் ஏறும். ஒன்றியத்துப் பொறியாளர் வந்து பார்க்கிறார். அவர் காண்ட்ராக்டரின் ஆள் அல்ல. 360 சதுர அடிக் குடிசை மாற்று வீட்டுக்கு மூன்றாம் நபரின் கண் கிடைக்கிறது. நாற்பது லட்சம் கடன் வாங்கிக் கட்டும் ஆசிரியர் குடும்பத்து வீட்டுக்கு அது கிடைப்பதில்லை. இந்த முரண்பாட்டை யாரும் பேசாமலிருப்பது வருத்தம் தருகிறது.

பக்கத்திலிருக்கும் இலங்கை வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே குவான்டிட்டி சர்வேயர் மருத்துவர், வழக்கறிஞர் போலத் தனி அந்தஸ்துள்ள தொழில்காரர். 1983இல் அவர்களுக்கென்று நிறுவனம் அமைந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ், சிங்கள இளைஞர்கள் அந்தப் படிப்போடு வளைகுடா நாடுகளுக்குப் போய்ப் பெரிய கட்டடங்களின் கணக்கைப் பார்க்கிறார்கள். அதே வளைகுடாவில் தமிழ்நாட்டு சிவில் பிள்ளைகளும் ‘க்யூ.எஸ்.’ என்ற பதவிப் பெயரோடு வேலை பார்க்கிறார்கள். வரைபடத்திலிருந்து அளவெடுப்பது, அளவுப் பட்டியல் தயாரிப்பது, காண்ட்ராக்டர் அனுப்பும் மாத பில்லைச் சரிபார்ப்பது, நடுவில் மாறிய வேலைக்கு விலை ஒத்துக்கொள்வது, கடைசிக் கணக்கை முடிப்பது என்று ஐந்து வேலையையும் அங்கே கற்றுத் தேர்ந்தவர்கள் ஊர் திரும்பி, காண்ட்ராக்டராகிறார்கள். இல்லையென்றால் கட்டடப் பொருள் கடை வைக்கிறார்கள். அவர்கள் கற்ற அந்தத் தொழிலுக்கு இங்கே வாடிக்கையாளர் வராததே காரணம்.

வாடிக்கையாளர் வர வேண்டும். திண்டுக்கல்லில் வீடு கட்டப்போகும் குடும்பம் காண்ட்ராக்டரிடம் விலை பேசுவதற்கு முன்பே, அந்த வேலையில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு சிவில் பொறியாளரை அமர்த்தி, வானம் தோண்டுவதிலிருந்து வெள்ளையடிப்பது வரை இனம் இனமாக அளவுப் பட்டியல் எழுதி வாங்க வேண்டும். தளத்தின் கனம், கம்பியின் விட்டம், பூச்சின் கழிவு விதி, சன்ஷேடுக்கும் படிக்கட்டுக்கும் உள்ள விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கொடுத்தே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். அப்போதுதான் எல்லோரும் ஒரே வீட்டுக்கு விலை சொல்வார்கள். அஸ்திவாரத்தை மூடும் முன்பும், தளம் போடும் முன்பும் அதே பொறியாளர் வந்து அளந்து, ஒரு சாதாரண நோட்டில் எழுதி, வீட்டுக்காரர், காண்ட்ராக்டர் இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பணத்தை மாதத்துக்கோ தேவைக்கோ கொடுக்காமல் முடிந்த அளவுக்குக் கொடுக்க வேண்டும். நேர்மையான காண்ட்ராக்டருக்கு இதனால் நன்மைதான்; செய்த வேலைக்குக் காசு கேட்டுக் கெஞ்சும் நிலை அவருக்கும் வராது. இந்த அளவையாளரின் கூலியைத் தருபவர் வீட்டுக்காரராக மட்டுமே இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் தருவதாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது.